சிறிதளவு என்பது எத்தனை சொட்டு

நான் வேலை பார்த்த பள்ளி ஆய்வகத்துக்கு எனக்குப் பிறகு உதவியாளராக வந்த சுமதி போன வாரம் போன் செய்தாள். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு நெருங்குகிறது, அதற்கான பதற்றம். "அக்கா, கெமிஸ்ட்ரி கையேட்டுல பக்கத்துக்குப் பக்கம் சிறிதளவு சிறிதளவுன்னு போட்டிருக்கு. சிறிதளவு உப்பு, சிறிதளவு அமிலம், சிறிதளவு நீர். சிறிதளவுன்னா எவ்வளவுக்கா? ஒரு பிள்ளைக்கு எவ்வளவு எடுத்து வைக்கிறது?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். பன்னிரண்டு வருடம் நான் பார்த்த வேலை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள்தான் ஓடியது. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்தேன். ஊர்ப் பெயரை மட்டும் எழுதவில்லை. வேப்பந்தட்டையிலிருந்து மலையைப் பார்த்துப் போகும் பஸ்ஸில் ஏறினால் வருகிற ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வரதராஜன்பேட்டைப் பக்கத்துக்காரி. முந்திரிக்கொட்டை உடைத்துக் கை கறுத்த குடும்பம். பள்ளிக்கூட வேலைக்கு வந்தது மணியடிக்கவும் கோப்பு தூக்கவும்தான். அப்புறம் பதிவேடு எழுதினேன். தொண்ணூற்றைந்தில் பதவி உயர்வு என்று சொல்லி, ஆய்வக உதவியாளராக மேற்கே தூக்கிப் போட்டார்கள். படித்தது பத்தாம் வகுப்பு. சல்ஃப்யூரிக் என்று சொல்ல வாய் பழகவே ஒரு மாதம் ஆனது. பயிற்சி என்று யாரும் எதுவும் கொடுக்கவில்லை. முதல் வாரம் அமிலம் தெறித்துச் சேலையில் ஓட்டை விழுந்தது, இரண்டாவது வாரம் முந்தானையை இடுப்பில் செருகக் கற்றுக்கொண்டேன். அதுதான் என் பயிற்சி.

அது உயர்நிலைப் பள்ளியாக இருந்து மேல்நிலையாக உயர்ந்த பள்ளி. பெயர்ப் பலகையை மாற்றிவிட்டார்கள், மற்றதெல்லாம் பின்னால் வரும் என்றார்கள். பழைய ஏழாம் வகுப்பு அறைதான் ஆய்வகம். கரும்பலகைக்குக் கீழே ஒரு சிமெண்டுத் தொட்டி, நான்கு நீள மேசை, ஒரு மர அலமாரி. கேஸ் குழாய்க்குச் சுவரில் ஓட்டை போட்டிருந்தார்கள். குழாய் வரவில்லை, அணில் வந்து போனது.

அங்கே வேதியியல் ஆசிரியர் கலியபெருமாள் சார். அரியலூர்க்காரர், ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. நான் போன முதல் நாள் அலமாரியைத் திறந்து காட்டி, "மேரியம்மா, இதுல என்னென்ன இருக்குன்னு ஒரு பட்டியல் போடுங்க" என்றார். நான் பதிவேட்டுக்காரி அல்லவா, என்னென்ன இல்லை என்று மூன்று பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு அப்படியே மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இல்லாதத எழுதுனா நோட்டு பத்தாதும்மா. என்ன இருக்கு, அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

அவர் சுபாவமே அதுதான். கண்ணாடிக் குழாயை யாராவது உடைத்துவிட்டால் திட்டமாட்டார். "எப்படி ஒடைஞ்சுச்சு?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்பார். பிள்ளைகள் பயந்துபோய் நிற்பார்கள். அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வருடம் இப்படிக் கேட்டுக் குறித்து வைத்ததில், முக்கால்வாசிக் குழாய் சோதனை செய்யும்போது உடையவில்லை, தொட்டியில் கழுவும்போது குழாய் மூக்கில் இடித்துத்தான் உடைகிறது என்று தெரிந்தது. சைக்கிள் கடையிலிருந்து பழைய டியூப் ஒன்றை வாங்கி வந்து தண்ணீர்க் குழாயின் மூக்கில் மாட்டினோம். அந்த வருடம் உடைந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

செலவு சமாச்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்துக்கென்று பிள்ளைகளிடம் வாங்கும் சிறப்புக் கட்டணம் யாரோ எந்தக் காலத்திலோ வைத்த தொகை. அதை ஏற்றக்கூடாது, ஏற்றினால் எங்கள் பிள்ளைகளால் கட்டவும் முடியாது. மருந்துகளின் விலையோ வருடா வருடம் ஏறியது. மேலே எழுதிக் கேட்டால், "நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும். நடுவில் பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள், அடுத்த வருடமே திரும்பச் சேர்த்தார்கள். அந்த இழுபறியில் எங்கள் கோப்பு எந்த ஊர் மேசையில் தூங்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதனால் இருப்பதை வைத்து ஓட்டினோம். மைப் புட்டி மூடியில் துளை போட்டுத் திரி கோர்த்தால் சாராய விளக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா ஊசி மருந்து தீர்ந்த குப்பிகளைக் கழுவித் தருவார், அவைதான் எங்கள் சொட்டுப் புட்டிகள். சோதனைக்கு வேண்டிய உப்புகளில் பாதியை நான் கடைத்தெருவிலேயே கண்டுபிடித்தேன். மக்காச்சோளத்துக்குப் போடும் துத்தநாக சல்பேட் உரக்கடையில் கிடைக்கும். மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட்டும் அங்கேயே. படிகாரம் மளிகைக் கடையில், நவச்சாரம் நாட்டு மருந்துக் கடையில். ஒவ்வொன்றையும் வாங்கி வந்து சாரிடம் கொடுத்து, அவர் கரைத்து வடித்து மறுபடி படிகமாக்குவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். வெள்ளைத் தூளெல்லாம் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, ஒவ்வொன்றும் உள்ளே வேறு வேறு ஆள் என்று தெரிந்தது பெரிய வேடிக்கை. கோயிலுக்குப் போனாலும் தூபத்தில் போடும் சாம்பிராணியைப் பார்த்து இது என்ன உப்பு என்று யோசிப்பேன்.

கடைத்தெருவில் கிடைக்காதது சில்வர் நைட்ரேட். ஒரு உப்பில் குளோரைடு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அது இல்லாமல் முடியாது. கரைசலில் விட்டால், குளோரைடு இருந்தால் தயிர் மாதிரி வெள்ளையாகத் திரளும். இல்லாவிட்டால் தெளிவாகவே நிற்கும். பெயரிலேயே வெள்ளி இருக்கிறது, விலையும் அப்படித்தான். பேப்பரில் வெள்ளி விலையை நகை எடுக்கிறவர்கள் பார்ப்பார்கள். கால் கொலுசுகூடப் போடாத நான் தினமும் பார்ப்பேன். வெள்ளி ஏறிய அன்றைக்கு எனக்கு முகம் சரியிருக்காது.

அங்கேதான் அந்தச் சொல் வந்தது. கையேட்டில் "சிறிதளவு சாற்றுடன் சிறிதளவு சில்வர் நைட்ரேட் சேர்க்கவும்" என்று இருந்தது. சாறு என்பது உப்பைச் சோடாவோடு கொதிக்க வைத்து வடிகட்டி, நைட்ரிக் அமிலம் விட்ட கரைசல். டவுன் பள்ளிகளில் சிறிதளவு என்றால் குழாயில் இரண்டு விரற்கடை. சார் ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சிறிதளவுங்கறது யாரு கண்ணுக்குச் சிறிதளவு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து பத்து சொட்டு, எட்டு சொட்டு, ஐந்து சொட்டு என்று குறைத்துக்கொண்டே வந்து பார்த்தோம். சின்னக் குழாயில் சாறு பத்துச் சொட்டு, சில்வர் நைட்ரேட் மூன்று சொட்டு, பின்னால் ஒரு கறுப்புக் காகிதம். வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. பிள்ளைகள் அவருக்கு மூணு சொட்டு சார் என்று பெயர் வைத்தார்கள். அவருக்கும் தெரியும்.

சொட்டைக் குறைத்து, கறுப்புக் காகிதம் வைத்து உற்றுப் பார்த்தபோது வேறொரு வம்பு வந்தது. கையில் எடுத்த உப்பு எதுவானாலும் குளோரைடு காட்டியது. சர்க்கரையைக் கரைத்துப் பார்த்தேன், அதுவும் வெள்ளை. சார் வெறும் போர்வெல் தண்ணீரை எடுத்து மூன்று சொட்டு விட்டார். பாலாகத் திரண்டது. "உப்புல இல்லம்மா, தண்ணியில இருக்கு" என்றார். கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். வாரம் ஒரு கேன் வாங்க எங்களுக்கு வழியில்லை.

எனக்கு அதுமுதல் தண்ணீர்ப் பைத்தியம் பிடித்தது. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு சின்னப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருவேன். எங்கள் ஊர்க் கிணறு, பூலாம்பாடிப் பக்கத்து ஏரி, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக் குழாய், எல்லாவற்றிலும் ஒவ்வொரு சொட்டு. எல்லாம் கொஞ்சமாவது வெளுத்தது. எது எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பதே எனக்குப் பொழுதுபோக்கானது. ஐப்பசியில் தகரக் கொட்டகையின் மேல் முதல் மழையைக் கழுவிப் போக விட்டு, அடுத்த மழையை எவர்சில்வர் அண்டாவில் பிடித்தோம். அது கண்ணாடியாக நின்றது. ஆனால் மழை எங்கள் பக்கம் நினைத்தபோது வருகிற சரக்கு இல்லை.

ஒரு நாள் வேப்பந்தட்டையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் பக்கச் சுவரைப் பார்த்தேன். சுற்றிலும் காய்ந்து கிடக்க, ஒரு இடத்தில் மட்டும் பாசி பிடித்திருந்தது. மேலே ஏசி மெஷினிலிருந்து ஒரு டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மழை ஆகாயத்திலிருந்து வருவது போல இதுவும் காற்றிலிருந்துதானே வருகிறது என்று தோன்றியது. சாப்பாட்டு டப்பாவை நீட்டிப் பிடித்தேன். உள்ளேயிருந்து ஒரு லைன்மேன் வந்தார்.

"என்னம்மா பண்றீங்க? அது ஏசித் தண்ணி."

"தெரியும் தம்பி. பள்ளிக்கூடத்துக்கு வேணும்."

"அதக் குடிக்கக் கூடாதும்மா."

"குடிக்க யாரு கேட்டா? பால் ஆவுதான்னு பாக்கணும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மறுநாள் சார் அதை வடிகட்டி, கொதிக்க வைத்து, மூன்று சொட்டு விட்டார். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். தெளிவாக நின்றது. இன்னொரு குழாயில் சல்பேட்டைக் காட்டிக்கொடுக்கும் பேரியம் குளோரைடு விட்டார், அதுவும் தெளிவு. சார் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அதன் பிறகு எக்ஸ்சேஞ்சில் எங்கள் கேன் ஒன்று நிரந்தரமாக அந்த டியூபுக்குக் கீழே நின்றது. அந்த லைன்மேனே நிறைந்ததும் மூடி வைத்து, பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுச் சொல்வார். நான் பஸ்ஸில் ஏற்றி வருவேன். கண்டக்டர்கள் ஆரம்பத்தில் லக்கேஜ் கேட்டார்கள், அப்புறம் கேட்கவில்லை.

ஒவ்வொரு கேனையும் திறந்ததும் முதலில் மூன்று சொட்டு விட்டுச் சோதித்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது சாரின் கட்டளை. வகுப்பிலும் அப்படியே சொல்லிக் கொடுப்பார். மொத சோதனை தண்ணிக்கு, ரெண்டாவதுதான் உப்புக்கு என்பார். ஏழெட்டு வருடம் நான் அதில் தவறவில்லை. தவறிய ஒரே நாளைப் பற்றித்தான் இனி சொல்லப் போகிறேன்.

அது மழை பொய்த்த வருடம். மலையடிவாரத்துப் போர்வெல்கள் ஒவ்வொன்றாகக் காற்றைத் துப்பின. பள்ளி மோட்டாரில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை, காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். அந்த வருடம்தான் வெள்ளி விலையும் கண்டபடி ஏறியிருந்தது. செய்முறைத் தேர்வன்று எங்கள் சில்வர் நைட்ரேட் புட்டியில் அடியில் கொஞ்சம்தான். காலையில் இருபது பேர், மத்தியானம் இருபது பேர், ஆளுக்கு மூன்று சொட்டும், தவறினால் என்று கூட ஒன்றும். எத்தனை முறை கணக்குப் பார்த்தாலும் இழுத்துப் பிடித்தால் சரியாக வரும், ஒரு சொட்டு சிந்தினால் வராது. முந்தாநாள் கொண்டு வந்தபோது சோதித்த கேன்தானே, மறுபடி எதற்கு மூன்று சொட்டை வீணாக்குவது என்று நினைத்தேன். சோதிக்காமலே பாட்டில்களில் ஊற்றி மேசை மேசையாக வைத்தேன்.

வெளித் தேர்வாளராக ஆண்டிமடம் பக்கத்துப் பள்ளியிலிருந்து தட்சிணாமூர்த்தி சார் வந்திருந்தார். கெடுபிடியான ஆள் என்று அவர் வருவதற்கு முன்பே பேச்சு வந்துவிட்டது. டீ வேண்டாம் என்றார், பிஸ்கட்டைத் தொடவில்லை. என்னைப் பார்த்து, "லேப் அசிஸ்டென்ட் கேட்டத எடுத்துக் குடுக்கலாம். பிள்ளைங்ககிட்ட வாயத் திறக்கக் கூடாது" என்றார். சரிங்க சார் என்றேன்.

செய்முறை மார்க் என்பது எங்கள் பிள்ளைகளுக்கு உயிர். எழுத்துத் தேர்வில் டவுன் பிள்ளைகளோடு போட்டி போட முடியாது, டியூஷன் கிடையாது. பாதிப் பாடங்களுக்கு இரண்டு வருடமும் முழுநேர ஆசிரியரே இருந்ததில்லை, பெற்றோர் கழகம் வைத்த ஆள்தான். செய்முறையில் வாங்குவதுதான் மொத்தத்தைத் தூக்கும். சீட்டு எடுத்து வந்த உப்பில் என்ன இருக்கிறது என்று தப்பாக எழுதினால் அந்த மார்க் போனதுதான். ஒன்பதாம் எண் இடத்தில் நின்ற தேன்மொழி, வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, நல்ல மார்க் வாங்கினால் திருச்சியில் நர்சிங் சேர்க்கிறேன் என்று அப்பாவிடம் வாக்கு வாங்கி வைத்திருந்தாள். என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

தேர்வு தொடங்கி முக்கால் மணி நேரம் இருக்கும். உப்பைச் சோடாவோடு கொதிக்க வைத்து வடிகட்டிய சாறு எல்லோர் கையிலும் தயார். அவர்களுக்குக் கொடுத்த உப்புகளைப் பொட்டலம் கட்டியவள் நான். எந்த எண்ணில் எது என்று எனக்கு மனப்பாடம். நான்காம் எண் இடத்தில் இருந்தது படிகாரம், அதில் குளோரைடு கிடையாது. அந்தப் பையனின் குழாயில் வெள்ளையாகத் திரண்டது. என்ன இது என்று அடுத்த இடத்தைப் பார்த்தேன். அது மயில்துத்தம், அதிலும் வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. ஒவ்வொருவராகக் "குளோரைடு" என்று எழுதத் தொடங்கினார்கள்.

தேன்மொழியின் கையில் இருந்தது உரக்கடைத் துத்தநாக சல்பேட். அவளுக்கும் வெள்ளை வந்தது. அவள் எழுதவில்லை. குழாயைக் கறுப்புக் காகிதத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒரு சுத்தமான குழாயை எடுத்து, பாட்டிலிலிருந்து வெறும் தண்ணீரை ஊற்றி, தனக்குக் கொடுத்ததில் மிச்சமிருந்த சில்வர் நைட்ரேட்டை அதில் விட்டாள். தேர்வாளர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, என்ன பண்ற? இது புரொசீஜர்லயே இல்லையே."

அவள் எழுந்து நின்றாள். "சும்மா பாத்தேன் சார்."

"சும்மா பாக்கறதுக்கா தேர்வு? எந்த உப்ப எடுத்து எதுல போட்ட? யாரு சொல்லிக் குடுத்தா?" அவர் அவளுடைய விடைத்தாளை எடுத்துக்கொண்டார். அவள் அழவில்லை, என்னையும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவு எனக்கு நன்றாகவே நினைவிருந்தது. திறந்தால் என் வேலைக்கு ஆபத்து, சாருக்குத் தலைமையாசிரியர் பதவி உயர்வு வருகிற நேரம், அதற்கும் கெட்ட பெயர் என்பதும் தெரிந்தது. திறக்காவிட்டால் இருபது பிள்ளைகளின் மார்க். உண்மையைச் சொல்கிறேன், நான் உடனே பேசவில்லை. சுவரோரமாக நின்றேன். பயந்துதான் நின்றேன். பிறகு முன்னால் போனேன்.

"சார், அந்தப் பொண்ணு பண்ணதுதான் சரி. தண்ணி தப்பு. நான் சோதிக்காம வச்சுட்டேன்."

தட்சிணாமூர்த்தி சார் என்னைப் பார்க்கவில்லை. தேன்மொழியின் கையிலிருந்த குழாயை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். வெறும் தண்ணீர் பாலாக நின்றது. விடைத்தாளை அவள் மேசையில் திரும்ப வைத்தார். பிறகு கலியபெருமாள் சாரிடம், "தேர்வ நிறுத்தி ரிப்போர்ட் எழுதணும். வேற தேதி அவங்க குடுத்தா குடுப்பாங்க" என்றார். குடுத்தா என்று அவர் இழுத்தது எங்களுக்குப் புரிந்தது.

கலியபெருமாள் சார் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். "மேரியம்மா, என்ன இருக்கு?" என்றார்.

"போன வருஷத்து ஐப்பசி மழைத்தண்ணி ஒன்றரை லிட்டர் இருக்கு சார். சில்வர் நைட்ரேட் மத்தியானத்துக்கு வச்சது மட்டுந்தான்."

"ஒன்றரை லிட்டர வச்சு நாப்பது பேருக்கு எப்படிங்க?" என்றார் தேர்வாளர்.

சார் கையேட்டை விரித்து அவர் முன்னால் வைத்தார். "எத்தனை மில்லின்னு இதுல எங்கயும் இல்லைங்க. சிறிதளவுன்னுதான் போட்டிருக்கு."

தட்சிணாமூர்த்தி சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். அடுத்த பக்கத்தையும் புரட்டிப் படித்தார். பிள்ளைகள் இருபது பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு நிமிடம் போல நீளமான நேரம் என் வேலைக் காலத்தில் வேறு இல்லை.

"நீங்க எத்தனை சொட்டு விடுவீங்க?" என்று கேட்டார்.

"மூணு."

"மத்தியானமும் இருக்கு. ரெண்டு விடுங்க. நாங்க ரெண்டுதான் விடறோம்" என்றார்.

கலியபெருமாள் சாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஏழெட்டு வருடமாகத் தான்தான் குறைத்துக் காட்டியிருக்கிறோம் என்று நினைத்தவர். "ரெண்டுல தெரியுதுங்களா?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். "குழாய சாய்ச்சுப் புடிச்சா தெரியும்" என்றார் அவர். இருபது பிள்ளைகளின் தலைவிதி தொங்கிக்கொண்டிருக்கும்போது இருவரும் குழாயை எந்தக் கோணத்தில் சாய்ப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

எல்லோருக்கும் அரை மணி நேரம் கூடுதல் கொடுத்தார். ஆளுக்கு ஒரு சின்னக் குழாய், புதுச் சாறு எடுக்கவும் கடைசி அலசலுக்கும் சேர்த்து அளந்து ஊற்றிய மழைத்தண்ணீர், இரண்டு சொட்டு. நான் விடும்போது ஒரு சொட்டு கூடிவிடக் கூடாதென்று இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். குளோரைடு உள்ள நவச்சாரம் வந்த பிள்ளைகளுக்கு வெள்ளை வந்தது. மற்றவர்களுக்குத் தெளிவாக நின்றது. எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்கள். தேன்மொழி அடிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் தாளைக் கடைசியில் வாங்கும்போது தேர்வாளர், "நல்லாப் பாத்தம்மா" என்று மட்டும் சொன்னார். அவள் அந்த வருடமே நர்சிங் சேர்ந்தாள்.

அவர் ரிப்போர்ட்டும் எழுதினார், அதில் விட்டுக்கொடுக்கவில்லை. என்னிடம் விளக்கம் எழுதி வாங்கினார். "சோதிச்ச தண்ணி எப்படி மாறுச்சு? யாரு ஊத்துனா?" என்று கேட்டார். அதற்குள் பிள்ளைகள் வழியாக எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காலையில் அறையைப் பெருக்க வந்த பாப்பாத்தி கேன் முக்கால்தான் இருப்பதைப் பார்த்திருக்கிறாள். அன்று மோட்டார் ஓடும் நாள். பெரியவர்கள் வருகிற அன்றைக்குப் பாத்திரம் குறையாக நிற்கலாமா என்று, குடம் தூக்கி வந்து விளிம்புவரை நிரப்பி வைத்திருக்கிறாள். தண்ணீர் வருகிற ஒரு மணி நேரத்தில் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்வாள். நானும் என் வீட்டில் அதையேதான் செய்கிறேன். அவள் பெற்றோர் கழகச் சம்பளத்தில் இருந்தவள், நாளைக்கு வராதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சோதிக்காமல் வைத்தேன் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு எனக்கு மெமோ வந்தது, கண்டிப்பு என்று பணிப்பதிவேட்டில் ஏறியது. சாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மத்தியானத் தேர்வும் முடிந்து தேர்வாளர் பஸ் ஏறிய பிறகு, பாப்பாத்தி ஆய்வகத்து வாசலில் வந்து நின்றாள். பிள்ளைகள் பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்கிறது.

"நான் ஊத்துன தண்ணியாலயாக்கா இவ்வளவும்?"

காலையிலிருந்து அவளை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன். அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் மனசு வரவில்லை. உள்ளே கூப்பிட்டேன். ஒரு குழாயில் மீதியிருந்த மழைத்தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர். புட்டியைக் கவிழ்த்துத் தட்டியதில் விழுந்த கடைசிச் சொட்டுகளைக் குழாய்க்கொன்றாக விட்டேன். ஒன்று அப்படியே நின்றது. ஒன்று வெளுத்தது.

அவள் வெளுத்த குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தேன்மொழி பார்த்த மாதிரியே பார்த்தாள். "இதுல என்னக்கா இருக்கு?"

"உப்புதான். குடிச்சா ஒண்ணும் பண்ணாது. சோதனைக்குத்தான் ஆகாது."

"எங்க தெருவுல பொறந்ததுலேர்ந்து இதத்தானக்கா குடிக்கிறோம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "சோதனைக்கே ஆகாதது எங்களுக்கு மட்டும் எப்படிக்கா ஆகும்?" என்று கேட்டாள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஏழெட்டு வருடம் ஊர் ஊராகத் தண்ணீர் பிடித்து, எது எவ்வளவு வெளுக்கிறது என்று வேடிக்கை பார்த்தவள் நான். வெளுத்த ஒவ்வொரு தண்ணீரையும் யாரோ குடிக்கிறார்கள் என்ற யோசனை எனக்கு ஒரு நாளும் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

பாட்டிலின் அடியில் ஒரு மடக்கு மழைத்தண்ணீர் மிச்சமிருந்தது. என் டம்ளரில் ஊற்றி, "இதக் குடிச்சுப் பாரு. எல்லாத் தண்ணியிலயும் சுத்தமான தண்ணி இதுதான்" என்று நீட்டினேன்.

இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். கொஞ்ச நேரம் வாய்க்குள் வைத்திருந்து விழுங்கினாள். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ருசியே இல்லைக்கா. சப்புன்னு இருக்கு" என்றாள்.